தெரியாததைச் சொல்லாதவள்

என் அக்காவை எனக்குப் பிடிக்காது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அவளிடமும்தான். பெங்களூரில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று ஊரில் அவளுக்கு இருக்கிற மரியாதையில் கொஞ்சம் எனக்கும் கிடைக்கிறது. மார்த்தாண்டம் சந்தையில் மீன் வாங்கப் போனால், "நீ அவளுக்க தங்கச்சிலா?" என்று கேட்டு, நல்ல மீனாகப் பார்த்து எடுத்துப் போடுகிறார்கள். அதற்காக ஒருத்தியைப் பிடித்துவிடுமா?

உறுதியாகத் தெரியாத ஒன்றை அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். கேட்பதற்கு நல்ல குணம் போலத்தான் இருக்கும். ஒரே வீட்டில் வளர்ந்து பார்க்க வேண்டும்.

பத்து வயதில் டைபாய்டு வந்து கிடந்தேன். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் செத்துப் போவேனாக்கா?" என்று கேட்டேன்.

துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தாள். பிறகு, "தெரியாது" என்றாள்.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பிள்ள பயந்து கிடக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல உனக்கு நாக்கு வராதா ஏட்டி?"

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்குத்தான் தெரியும்."

அடி வாங்கிய பிறகும் அதையேதான் சொன்னாள். அழவில்லை. துணியை நனைத்து மறுபடியும் என் நெற்றியில் போட்டாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை சவூதியில் வேலை பார்த்தார். விமானம் ஏறும் முன் பெங்களூரில் தங்கியபோது அக்காவை இரண்டொரு தடவை பார்த்திருந்தார். பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்க மவன் எப்படின்னு நீயே சொல்லு பிள்ளே" என்றாள். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். அக்கா, "கொஞ்ச நேரந்தான் பேசியிருக்கேன். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். அந்த அம்மா, என் மாமியார், சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தது நான்.

அம்மா அவளுக்குப் பிடித்த நெய்மீன் குழம்பை வைத்துப் பரிமாறிவிட்டு, "எப்படி இருக்கு மக்கா?" என்று எதிரில் நிற்பாள். "உப்பு சரியா இருக்கு" என்பாள் இவள்.

ஆனால் அப்பாவுக்கு அவளைத்தான் பிடிக்கும். அப்பாவுக்கு வாழைக்குலைக் கச்சவடம். மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்து வாங்கிச் சந்தையில் மொத்தமாகக் கொடுப்பார். நாள் முழுக்க ஆயிரம் பொய்யும் ஆயிரம் சத்தியமும் கேட்கிற தொழில். அதனாலோ என்னவோ, "மூத்தவ சொன்னா சொன்னதுதான். அவ வாயில பதர் வராது" என்று பெருமையடிப்பார். வீட்டில் எதற்காவது சண்டை வந்தால் நானும் அம்மாவும் மாறி மாறிக் கத்துவோம். அவர் கடைசியில் அக்கா பக்கம் திரும்பி, "நீ சொல்லு மக்ளே" என்பார். அதோடு முடிந்தது. நான் சொன்னதை அவர் ஒருநாளும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு தடவை பெங்களூர் போயிருந்தபோது அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டினாள். கூண்டு கூண்டாக எலிகள். சிலவற்றின் தலையில் கம்பி பொருத்தியிருந்தது. ஒரு எலி சின்ன விசையை அழுத்துவதும் சர்க்கரைத் தண்ணீர் வரும் குழாயைப் பார்ப்பதுமாக ஓயாமல் இருந்தது. பக்கத்துக் கூண்டில் ஒன்று, முன்னால் தீனி இருந்தும் சுருண்டு கிடந்தது.

"இதுக்கு என்ன, சீக்கா?" என்றேன்.

"ஒரு சீக்கும் இல்ல. வாயில வச்சா ரசிச்சுத் தின்னும். நாலடி நடந்து போய் எடுக்கணும்ங்கிற தூண்டல் மட்டும் இல்ல. பிடிக்கிறது வேற, வேணும்னு தோணுறது வேற. மூளையில ரெண்டும் வேற வேற இடம். குடியை விட முடியாதவங்க, மனசு ஒடுங்கி எந்திரிக்காமக் கிடக்கிறவங்க, எல்லாருக்கும் கோளாறு இந்தப் பக்கந்தான்னு நினைக்கிறோம்." கூடவே, "இன்னும் உறுதியில்ல" என்றாள்.

அவள் இப்போது வெளியூர்த் தமிழ்தான் பேசுவாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அப்பாவுக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் டீ கிளாஸ் சிந்தியது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. குலையிலிருந்து சீப்பு வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல், கூலிக்கு ஆள் வைத்து வெட்டினார். வெட்டுகிறவனைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு டாக்டர் பார்த்து நடுக்குவாதம் என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

அந்த இரண்டாவது மாத்திரை அப்பாவை எழுப்பி நிறுத்தியது. ஒரு காலையில் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். அம்மா பொத்தான்களைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "மாப்பிள போல வந்து நிக்காரு, பாரு ஏட்டி!" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் குடியிருந்தது பக்கத்து வீட்டில்தான், ஓடி வந்து பார்த்தேன். அப்பா அன்றைக்குச் சந்தையில் கத்தியை வாங்கி ஒரு செந்துளுவன் குலையைத் தானே சீப்புச் சீப்பாக வெட்டிக் காட்டினாராம்.

சந்தை முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வராமல் களியக்காவிளை பஸ்ஸில் ஏறுகிறார் என்று தெரிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. அப்போது தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை நிறுத்தி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. களியக்காவிளையில் எல்லையைத் தாண்டினால் கேரளா. பாறசாலையில் கடை கடையாகச் சீட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் ஊர் ஆண்கள் பலர் போய்வருவார்கள். ஆனால் எங்கள் அப்பா? பீடியைத் தொடாதவர், சீட்டுக்கட்டைத் தொடாதவர் என்று அம்மா சபைப் பெண்களிடம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிற ஆள்.

முதலில் ஒரு சீட்டு, பிறகு கை நிறைய. கச்சவடத்தில் போட வேண்டிய முதல் போனது. அம்மா கெஞ்சினாள், ஜெபித்தாள், சபை உபதேசியாரைக் கூட்டிவந்து பேசவைத்தாள். அப்பா தலையைக் குனிந்து கேட்பார், அழுவார். மறுநாள் மத்தியானம் அதே பஸ்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தாள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நீ கேட்டாத்தான் அந்த மனுஷன் கேப்பாரு" என்றாள். அக்கா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று நானும் அம்மாவும் கதவுப் பக்கம் நின்றோம்.

"சீட்டு விழுந்தாச் சந்தோஷமாப்பா, வாங்கும்போதா?" என்று கேட்டாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "வாங்குதப்பதான் மக்ளே. கையில இருக்கும்போ நெஞ்சுக்குள்ள ஒரு வெளிச்சம். குலுக்கல் முடிஞ்சா அணைஞ்சு போவும். விழுந்தாலும் அணைஞ்சு போவும்."

"மாத்திரையை எப்ப கூட்டினாங்க?"

அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பிரகாசம் வந்ததை நான் பார்த்தேன். கூண்டின் முன்னால் நின்று எலியைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

அவ்வளவுதான். லீவு முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "என்ன ஏட்டி, ஒண்ணும் சொல்லாமப் போறா?" என்று அம்மா வாசல் படலையருகே நின்று என்னிடம் கேட்டாள்.

அதன் பிறகுதான் சங்கிலி போனது. அம்மா குளிக்கும்போது கழற்றி அலமாரியில் வைக்கும் தாலிச் சங்கிலி. கல்யாணத்தன்று அப்பா போட்டது. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அக்காவுக்குப் போன் செய்து அழுதேன்.

"மாத்திரை இப்ப எவ்வளவு எடுக்கிறார்னு பார்த்துச் சொல்லு" என்றாள்.

"அப்பா வீட்டுல களவெடுக்காரு. நீ மாத்திரையக் கேக்குதியா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை அடுப்பைப் பார்த்து நிற்பாள். சபைக்குப் போவதையும் நிறுத்தினாள். வெறும் கழுத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சேலையை இழுத்து மூடியபடியே இருப்பாள். மழைக்காலம் தொடங்கும்போது நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கட்டிலருகே குனிந்து, "அப்பாவ உள்ள வரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அந்த ஆளு சீட்டெடுக்கப் போயிருப்பாரு."

அப்பா கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, நானும் அக்காவும் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னாள்.

"அப்பாவுக்கு அந்த ரெண்டாவது மாத்திரைதான் காரணம். சில பேருக்கு அது இப்படிப் பண்ணும். இப்பத்தான் எல்லாரும் கவனிக்கத் தொடங்கியிருக்காங்க. டாக்டர்கிட்ட எழுதிக் கேட்டிருந்தேன். மாத்தலாம்னு பதில் வந்திருக்கு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்பவே சந்தேகம் இருந்தது. உறுதியில்ல."

"சந்தேகம்னாவது அம்மாட்டச் சொன்னியா? ஒரு வார்த்த? அந்த மனுஷி நெஞ்சு வெந்துல்லா செத்தா!"

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா என்ன? அவ நிம்மதியாச் செத்திருப்பாளே!"

அவள் குழாயை மூடினாள். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் எடுத்துச் சொன்னாள். கை நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை மூளையில் ஆசையைக் கிளப்புகிற இடத்தையும் போய்த் தட்டிவிடும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ, அது நான் இல்லியா மக்ளே?"

நான் முந்திக்கொண்டேன். "இல்லப்பா. நீங்க இல்ல. மாத்திரைதான்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனிதன். ஒரு 'ஆமா' போதும். அந்த ஒரு சொல்லை அள்ளிக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவார்.

அக்கா சொன்னாள். "முழுசும் மாத்திரைன்னு சொல்ல முடியாதுப்பா."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். "செரி மக்ளே" என்றார்.

நான் எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே இருந்திருந்தால் அவளை அடித்திருப்பேன்.

இதெல்லாம் நடந்து பல வருஷம் கழித்து, அப்பாவும் போன பிறகு, நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு அவள் பேச வந்தாள். போதைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கூட்டம். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேசி முடித்ததும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்தாள். மகன் கஞ்சாவுக்கு அடிமையாகிக் கிடக்கிறானாம். "நான் வளத்த வளப்பு செரியில்லன்னு எல்லாரும் பறையுதாவ. அவனும் திருந்தக் கூடாதுன்னே செய்யுதானாம்மா?" என்று கேட்டு அழுதாள்.

என் அக்கா மேடையை விட்டு இறங்கி வந்தாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "இல்லம்மா. அது உங்க தப்பும் இல்ல, அவன் தப்பும் இல்ல. அது நோய்" என்றாள்.

எவ்வளவு சுலபமாக வந்தது! கூட்டம் முடிந்து அவள் காருக்கு வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்து நின்றேன்.

"கண்டவளுக்கெல்லாம் சொல்லுத. அப்பாட்டச் சொல்ல மட்டும் உனக்கு நாக்கு வரல்ல, இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. "அந்தப் பையனை எனக்குத் தெரியாது. அந்தம்மா அவனைக் கைவிட்டுடக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவை எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் இங்க காலேஜ் படிச்சப்போ, பஸ் ஸ்டாண்ட் லாட்டரிக் கடையில அப்பாவைப் பார்த்திருக்கேன். நிறைய நாள். ஒருநாள் அப்பாவும் என்னைப் பார்த்துட்டார். ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வீட்டுக்கு வந்தோம். நான் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் அவரே விட்டுட்டார். அந்த மாத்திரை வரைக்கும் தொடல."

அவள் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"முழுசும் மாத்திரைதான்னு நான் சொன்னா, அன்னைக்கு அதை விட்டதும் அவர் இல்லன்னு ஆயிடும். அவர் கஷ்டப்பட்டு விட்டார். அதை நான் பார்த்தேன். அதை எப்படி நான் இல்லைன்னு சொல்றது?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் கோபம் போய்விட வேண்டும் என்று சட்டமா? அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது அப்படியேதான் இருக்கிறது. நான் அவள் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பாவின் நினைவுதான். டாக்டர் அந்த மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியதும், பாறசாலை அவரை விட்டுப் போயிற்று. அதோடு வேறு எல்லாமும் போயிற்று. கை முன்னைவிட மோசமாக நடுங்கியது. சந்தைக்குப் போவதை விட்டார். சோற்றை மேசையில் வைத்துக் கூப்பிட்டால் எழுந்து வர மாட்டார். ஊட்டிவிட்டால் தின்பார், நல்லாயிருக்கு என்றும் சொல்வார். பல நாள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒருநாள் காலையில் அவராகவே, "அம்மைக்க கல்லறைக்குப் போவணும் மக்கா" என்றார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே வரவே இல்லை. கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டதும், "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன். காது கேட்கும் தூரம்தான்.

"ஏட்டி," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "அது மாத்திரையாம். மூத்தவ சொல்லுதா."

கால் நடுங்கியது. நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"முழுசும் மாத்திரை இல்ல ஏட்டி. முன்னயும் உண்டும். உனக்குத் தெரியாது. உங்கிட்ட மறைச்சிட்டேன்."

அக்கா சொன்னதைத்தான் சரியாகப் புரியாமல் உளறுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். செத்துப்போனவளிடம்கூட அவரை ஒரு பொய் சொல்ல விடாமல் பண்ணிவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போடச் சொன்னார். போட்டு, அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவரால் பிடிக்க முடியாது. அவள் பேசுவது எனக்கும் கேட்டது.

"சொல்லிட்டேன் மக்ளே. அம்மைட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார்.

அவள் குரல் வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சாக, சின்ன வயதில் பேசியதுபோல வந்தது.

"அம்மை என்ன சொன்னாவப்பா?"

தெரியாததைச் சொல்லாதவள், ஒரு கல்லறை என்ன சொன்னது என்று கேட்கிறாள். அப்பா அதை ஒரு சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தார். அவளுக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஒண்ணும் சொல்லல்ல மக்ளே" என்றார். "கேட்டுக்கிட்டு இருந்தா."